உத்தியோகமும் தந்தையின் கடமையும்

தந்தை என்பவருக்கு உலகம் இரண்டு கடமைகளை விதித்திருக்கின்றது. பொருள் தேடிக் குடும்பத்தைப் பேணுதல் ஒன்று. உடனிருந்து பிள்ளைகளை ஆளாக்குதல் மற்றொன்று. உழவும் நெசவும் கைத்தொழிலும் மக்களின் வாழ்க்கையாயிருந்த காலத்தில் இவ்விரு கடமைகளுக்கும் இடையே பெரும் பகை இருக்கவில்லை. தந்தை தோட்டத்துக்கு நீர் இறைக்கும்போது மகன் வாய்க்கால் கட்டினான். தச்சன் உளி பிடிக்கும்போது அவன் பிள்ளை பக்கத்தில் அமர்ந்து மரத்தூளில் விளையாடியது. தொழிலிடமும் வீடும் ஒரே வேலிக்குள் இருந்தன. அன்றேல் ஒரே ஊருக்குள் இருந்தன. கந்தோரும் தொழிற்சாலையும் பெருகிய பின்னரே தந்தை விடியலில் புறப்படுபவராகவும் இரவில் களைத்துத் திரும்புபவராகவும் ஆனார். அவருடைய சம்பளம் தவறாது வீடு வந்து சேர்ந்தது. அவர் வந்து சேர்வதோ அரிதாயிற்று.

ஈழத்துத் தமிழர்க்கு இந்நிலை புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டு, ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் தேடிக் கடல் கடந்தனர். வடபகுதிப் புகையிரதப் பாதை 1905ஆம் ஆண்டிலே கொழும்போடு முற்றாக இணைந்தது. அதன்பின் இலிகிதராகவும் கணக்காளராகவும் தெற்கே சென்றோர் தொகை பெருகிற்று. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி, மனைவி மக்களை ஊரில் விட்டுக் கொழும்பில் அறை எடுத்துத் தங்கிய எத்தனையோ தந்தையரைச் சுமந்து சென்றது. மாத முடிவில் வந்த மணியோடரை நம்பி வீடுகள் வாழ்ந்தன, கிணறுகள் வெட்டப்பட்டன, பெண்களுக்குச் சீதனம் சேர்ந்தது. மணியோடர்ப் பொருளாதாரம் என்ற சொற்றொடரே இதனால் வழக்கில் வந்தது. பின்னர் மத்திய கிழக்கு நாடுகளும், அதன்பின் மேலைநாடுகளும் இதே கதையை இன்னும் நெடுந்தூரத்துக்கு நீட்டின.

அந்தத் தந்தையரின் தியாகத்தை எவரும் குறைத்து மதிப்பிடலாகாது. தமது வயிற்றைக் கட்டி மக்களைப் படிப்பித்தவர் அவர். ஆயினும் அத்தியாகத்துக்கு ஒரு விலை இருந்தது. அதனைப் பிள்ளைகளும் செலுத்தினர். விடுமுறைக்கு வரும் தந்தையைக் கண்டு தாயின் சேலைக்குள் மறைந்த குழந்தைகள் பல. பரீட்சைப் பெறுபேற்றைக் கடிதத்தில் மட்டுமே தெரிவித்த மகன்மாரும், தந்தையோடு மனம்விட்டுப் பேசப் பழகாமலே மணமாகிப் போன மகள்மாரும் பலர். இளைப்பாறி வீடு வந்த தந்தை, தம் வீட்டிலேயே விருந்தாளி போல் அமர்ந்திருந்ததும் உண்டு. உபகாரச் சம்பளத்தோடு அவர் திரும்பியபோது பிள்ளைகள் சிறகு முளைத்துப் பறந்துவிட்டிருந்தனர்.

இன்று பல தேசங்களிலே இவ்வொழுங்கைக் குறித்த கேள்வி எழுந்துள்ளது. தொழிலின் தேவையும் குடும்பத்தின் தேவையும் மோதும்போது தந்தை எதனை முன்வைக்க வேண்டும் என்பதே அக்கேள்வி. குடும்பத்தை முன்வைப்பவன் சோம்பேறி என்றும், முன்னேற விருப்பமற்றவன் என்றும் எண்ணுவோர் எங்கும் உளர். அவ்வெண்ணம் எவ்வளவு பொருந்தும் என்பதை அறிய, உயர்ந்த பதவியிலிருந்த ஒருவரின் செயலை முதலில் நோக்கலாம்.

ஐக்கிய அமெரிக்காவில் ஜனாதிபதி கிளின்டனின் மந்திரிசபையில், 1993 முதல் 1997 தொடக்கம் வரை, தொழில் மந்திரியாயிருந்தவர் றொபேட் றைஷ். அவருக்கு இரண்டு புதல்வர். ஒருநாள் மாலை, தாம் வீடு வர நேரமாகும் என்று அவர் தொலைபேசியில் தெரிவித்தார். எவ்வளவு நேரமானாலும் வந்தவுடன் தன்னை எழுப்பிவிடும்படி இளைய மகன் கேட்டான். நடுநிசியில் எழுப்புவானேன் என்று தந்தை வினவ, தந்தை வீட்டில் இருக்கிறார் என்பதை அறிந்தால் போதும் என்பது மகனின் விடையாயிற்று. இந்நிகழ்ச்சியை றைஷ் தாமே பின்னர் எழுதியுள்ளார். தம் பதவியை அவர் மிகவும் விரும்பினார், அதில் தோல்வியடைந்தவருமல்லர். எனினும் 1996 நவம்பரில், பதவியிலிருந்து விலகும் முடிவை வெளியிட்டு வீடு திரும்பினார். பின்னர் ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். இதனைச் சோம்பல் என்று சொல்ல எவருக்கும் நா எழாது.

ஆயினும் இந்த உதாரணத்தோடு நின்றுவிடின், விடயத்தின் பாதியையே அறிந்தவராவோம். மந்திரி பதவியை விட்டவருக்குப் பேராசிரியர் பதவி காத்திருந்தது. பேருந்துச் சாரதிக்கும் துறைமுகத் தொழிலாளிக்கும் அலுவலக இலிகிதருக்கும் அவ்வாறு எது காத்திருக்கும்? இதே றைஷ் மந்திரியாயிருந்த 1993ஆம் ஆண்டில் அந்நாட்டிலே ஒரு குடும்ப விடுமுறைச் சட்டம் நிறைவேறிற்று. 50 பேருக்குக் குறையாத தொழிலாளரைக் கொண்ட நிறுவனங்களில் வேலை செய்வோர், குழந்தைப் பேற்றையொட்டி 12 வாரம் விடுமுறை பெறலாம் என்று அச்சட்டம் விதித்தது. ஆனால் அக்காலத்துக்குச் சம்பளம் இல்லை. புதிதாய் ஒரு வாயும் கூடியிருக்கும் வேளையிலே மூன்று மாதச் சம்பளத்தை இழக்க எந்தத் தொழிலாளி துணிவான்? ஆகவே, தந்தையின் அன்பு மட்டும் போதாது. அந்த அன்பு செயற்படுவதற்கு வழியும் வேண்டும். அந்த வழியை அமைக்க முதலில் முயன்ற நாடு சுவீடன்.

சுவீடனின் பிரதம மந்திரியாயிருந்த ஓலொவ் பால்மே 1970ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரில் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். பெண்ணைச் சமையலறையோடு கட்டிவைத்திருக்கும் வழக்கமே ஆணைப் பிள்ளையிடமிருந்து பிரித்தும் வைத்திருக்கின்றது என்பதும், ஆணுக்கும் ஒரு விடுதலை வேண்டும் என்பதும் அதன் சாரம். நான்கு ஆண்டுகளின் பின், 1974இல், தாய்மாருக்கு மட்டும் உரியதாயிருந்த பேறுகால விடுமுறையை அந்நாடு பெற்றோர் இருவருக்கும் பொதுவான விடுமுறையாக மாற்றிற்று. உலகில் இவ்வாறு செய்த முதல் நாடு அதுவே. ஆறு மாத விடுமுறை. சம்பளத்தில் 90 வீதம் கொடுப்பனவு. இப்பணத்தை நேரே கொடுத்தது முதலாளியன்று, சமூகக் காப்புறுதி நிதி என்பது கவனிக்கத்தக்கது. விடுமுறையில் நிற்பவருக்கும் சம்பளம் கொடுத்து, அவரிடத்தில் வேலை செய்பவருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டிய நிலை முதலாளிக்கு ஏற்படவில்லை.

இத்தனை வசதியும் செய்யப்பட்டபின் தந்தையர் திரண்டு வந்திருப்பார் என்று எவரும் எண்ணுவர். நிகழ்ந்தது வேறு. 1974இல் எடுக்கப்பட்ட மொத்த விடுமுறை நாட்களில் தந்தையர் எடுத்தவை ஏறக்குறைய அரை வீதமே. அதாவது 200 நாளில் 1 நாள். அரசாங்கம் விளம்பரத்திலும் இறங்கிற்று. லெனார்ட் டால்கிரென் என்ற பாரந்தூக்கும் வீரர், தம் பருத்த புயங்களிலே சின்னஞ்சிறு குழந்தையொன்றை ஏந்திச் சிரித்தபடி தோன்றிய சுவரொட்டி 1970களின் பிற்பகுதியில் நாடெங்கும் பெயர்பெற்றது. பிள்ளை தூக்குவது ஆண்மைக்கு இழுக்கன்று என்பதே அதன் கருத்து. சுவரொட்டியை மக்கள் விரும்பிப் பார்த்தனர். விடுமுறைக்கு விண்ணப்பித்தவர் தொகையோ மெல்லவே ஏறிற்று.

காரணம் யாது? சட்டப்படி விடுமுறையின் பாதி தந்தைக்கு உரியதாயினும், ஒரு கையொப்பத்தால் அதனைத் தாய்க்கு மாற்றிவிடலாம். மாற்றலாம் என்றிருந்தமையால் ஏறக்குறைய எல்லோரும் மாற்றினர். கணவனின் சம்பளம் பெரும்பாலும் மனைவியின் சம்பளத்தைவிடக் கூடியது. ஆகவே அவன் வேலைக்குப் போவதே வீட்டுக்கு இலாபம் எனத் தோன்றிற்று. மேலும், தந்தை விடுமுறை கேட்டால் உன் மனைவி வீட்டில் இல்லையா என்று மேலதிகாரி வினவுவார். அவ்வினாவுக்கு விடை சொல்ல வெட்கி, கேளாமலே இருந்துவிடுவர். உரிமை இருந்தது, அதனைக் கேட்பதற்கு ஒரு நியாயம் காட்ட வேண்டியிருந்ததே தடையாயிற்று.

இத்தடையை நீக்கும் வழியை நோர்வே 1993இல் கண்டது. பெற்றோர் விடுமுறையில் நான்கு வாரத்தைத் தந்தைக்கென்றே அந்நாடு ஒதுக்கிவைத்தது. அதனைத் தாய்க்கு மாற்ற இயலாது. தந்தை எடுக்காவிடின் குடும்பம் அதனை இழந்துவிடும். நான்கு வாரம் பெரிதன்று. ஆயின் அதன் விளைவு பெரிதாயிற்று. அதற்கு முன் நூற்றுக்கு 4 தந்தையரிலும் குறைவானவரே விடுமுறை எடுத்தனர். சில ஆண்டுகளுக்குள் அத்தொகை நூற்றுக்கு 70ஐத் தாண்டிற்று. மேலதிகாரியின் வினாவுக்கு இப்போது விடை தயாராயிருந்தது. இது என் ஆசையன்று, பிள்ளைக்குரியது, எடுக்காவிட்டால் வீணாகிவிடும் என்று தந்தை சொல்ல முடிந்தது. கட்டாயம் போலத் தோன்றிய விதி உண்மையில் தந்தைக்குக் கேடயமாயிற்று.

நோர்வேயின் இம்மாற்றத்தைப் பொருளியலறிஞர் மூவர் ஆராய்ந்து, 2014இல் தம் முடிவை வெளியிட்டனர். உடன் வேலை செய்யும் ஒருவரோ, உடன்பிறந்த சகோதரரோ அவ்விடுமுறையை எடுத்திருந்தால், அதனைக் கண்ட ஏனையோரும் எடுக்கும் வாய்ப்பு 11 முதல் 15 வீதப் புள்ளிகள் வரை கூடிற்று. எடுத்தவர் மேலதிகாரியாயின் அதன் தாக்கம் சக ஊழியரின் தாக்கத்திலும் பன்மடங்காயிருந்தது. விடுமுறை எடுத்தமையால் தொழிலுக்கு ஊறு நேரவில்லை என்பதைக் கண்ணாரக் கண்டபின் மற்றவர்க்கு அச்சம் நீங்குகின்றது. ஒரு கந்தோரின் தலைவர் தம் பிள்ளைக்காக ஒருநாள் நேரத்தோடு வீடு செல்வது, அவர் வெளியிடும் பத்துச் சுற்றறிக்கைகளிலும் வலியது என்பது இதனாற் பெறப்படும்.

சுவீடனும் அண்டை நாட்டின் வழியை மேற்கொண்டது. உபபிரதம மந்திரியாயிருந்த பெங்ட் வெஸ்டர்பேர்க்கின் முயற்சியால் உருவான விதிப்படி, 1995இல் ஒரு மாதம் தந்தைக்கென ஒதுக்கப்பட்டது. அது 2002இல் இரண்டு மாதமாகவும் 2016இல் மூன்று மாதமாகவும் உயர்ந்தது. அரை வீதத்தில் தொடங்கிய தந்தையரின் பங்கு அண்மைக் காலத்தில் 30 வீதமளவுக்கு வந்துள்ளது. ஐஸ்லாந்து 2000ஆம் ஆண்டிலே ஒரு சட்டம் இயற்றித் தாய்க்கு மூன்று மாதம், தந்தைக்கு மூன்று மாதம், இருவருக்கும் பொதுவாக மூன்று மாதம் என வகுத்தது.

இவையெல்லாம் செல்வம் படைத்த, சனத்தொகை குறைந்த வடநாடுகளின் கதை. ஆசிய மக்களின் மனப்பான்மைக்கு ஒவ்வாது என்று ஒருவர் கூறலாம். அவர் யப்பானை நோக்க வேண்டும். உத்தியோகத்துக்கு உயிரையே கொடுத்தல் என்பது அந்நாட்டில் உவமையன்று; மிகை உழைப்பால் நேரும் மரணத்தைக் குறிக்க அம்மொழியில் கரோஷி என்று தனிச்சொல்லே உண்டு. மனைவி மக்களை ஒரு நகரில் விட்டுத் தந்தை மட்டும் இடமாற்றம் பெற்று வேறு நகரில் வாழும் வழக்கத்துக்கும் அவர்களிடம் ஒரு பெயர் உண்டு. கொழும்பில் அறை எடுத்திருந்த யாழ்ப்பாணத்து இலிகிதர் அந்த யப்பானியத் தந்தையைத் தம் உறவினராகவே கண்டிருப்பார்.

யப்பானிலும் சட்டம் இல்லாமலில்லை. 1992ஆம் ஆண்டு தொட்டே ஆண் பெண் இருபாலாரும் குழந்தை வளர்ப்பு விடுமுறை பெறும் உரிமை அங்கே நடைமுறையிலுண்டு. எனினும் 1996இல் அதனைப் பயன்படுத்திய தந்தையர் ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவினரே. 2020 ஜனவரியில், சுற்றாடல் மந்திரியாயிருந்த சின்ஜிரோ கொய்சுமி, தம் முதற் குழந்தை பிறந்தபோது மூன்று மாதத்துக்குள் மொத்தம் இரண்டு வாரம் விடுமுறை எடுக்கப்போவதாக அறிவித்தார். மந்திரியொருவர் இவ்வாறு செய்யலாமோ என்று சிலர் குறைகூறினர், பலர் பாராட்டினர். 2022இல் சட்டம் திருத்தப்பட்டது. குழந்தை பிறந்து எட்டு வாரத்துக்குள் தந்தை நான்கு வாரம் வரை விடுமுறை பெறலாம் என்பது ஒரு திருத்தம். அதனிலும் முக்கியமானது வேறொன்று: தந்தையாகப் போகும் ஊழியரிடம் நிறுவனமே சென்று, விடுமுறை உண்டு என்று தெரிவித்து, எடுக்க விருப்பமா என்று கேட்க வேண்டும். ஊழியர் தயங்கி நிற்க, அதிகாரி வாய் திறக்க வேண்டும் என்று நியாயம் தலைகீழாக்கப்பட்டது. ஆயிரத்துக்கு ஒருவராயிருந்தது 2024இல் நூற்றுக்கு 40ஆயிற்று.

இவ்வளவு முயற்சியும் எதன்பொருட்டு? முதலாவது, தாயின் பொருட்டு. சுவீடனில் 2012இல் ஒரு சிறு மாற்றம் செய்யப்பட்டது. குழந்தையின் முதலாண்டில் 30 நாள் வரை, தாய் விடுமுறையிலிருக்கும் அதே வேளையில் தந்தையும் தேவைப்பட்ட நாட்களில் வீட்டில் நிற்கலாம் என்பதே அது. அதன்பின் குழந்தை பெற்ற தாய்மார், முதல் ஆறு மாதத்திலே மனப்பதற்றத்துக்கு மருந்து பெற்றது 26 வீதம் குறைந்ததென அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் கண்டனர். இரவெல்லாம் விழித்த தாய்க்குப் பகலில் இரண்டு மணி நேரம் துயில் கிடைப்பதும், காய்ச்சல் கண்ட நாளில் பிள்ளையை வாங்க ஒரு கை இருப்பதும் எத்துணைப் பெரிய மருந்து என்பதை அக்கணக்கு புலப்படுத்துகின்றது.

இரண்டாவது, பிள்ளையின் பொருட்டும் தந்தையின் பொருட்டும். பிள்ளை வளர்த்தல் பெண்ணுக்குப் பிறவியிலேயே வந்த வித்தை என்று பலர் நம்புகின்றனர். உண்மையில் அது பழக்கத்தால் வருவது. குழந்தை பசியால் அழுகிறதா, வயிற்றுவலியால் அழுகிறதா என்பதைத் தாய் அறிவது நாள்தோறும் கேட்டுக் கேட்டே. ஏணையை ஆட்டவும், குளிப்பாட்டவும், மருந்து ஊட்டவும் தனித்து விடப்பட்ட தந்தையும் சில வாரத்தில் அதனை அறிகின்றார். முதலில் இதைப் பழகாதவர், பின்னர்ப் பிள்ளையின் படிப்பிலும் பயத்திலும் பங்கு கொள்ள நினைக்கும்போது வழி தெரியாது தவிக்கின்றார். அப்போது அவருக்குத் தெரிந்த பேச்சு இரண்டே: புத்திமதி ஒன்று, கண்டிப்பு மற்றொன்று.

இனி எதிர்வாதங்களையும் நேர்மையுடன் நோக்குதல் வேண்டும். அன்றாடக் கூலிக்கு உழைப்பவன் ஒருநாள் வீட்டில் நின்றால் அன்று அடுப்பு எரியாது. அவனுக்குக் குடும்பத்தை முன்வைத்தல் என்பது வேலைக்குப் போவதேயாம். கடல் கடந்து உழைக்கும் தந்தையிடம் பிள்ளைகளோடு ஏன் இருக்கவில்லை என்று கேட்பது கொடுமை. இரண்டு ஊழியரே உள்ள சிறு கடைக்காரருக்கு ஒருவர் ஒரு மாதம் வராவிடின் கடை தள்ளாடும். ஆகவேதான் இச்சுமையைத் தனித்தனி முதலாளியின் தோளிலோ, தனித்தனித் தந்தையின் துணிவிலோ வைக்காது, காப்புறுதி போலப் பலரும் பங்கிடும் ஏற்பாடு தேவைப்படுகின்றது. வடநாடுகளின் அனுபவம் கற்பிக்கும் பாடமும் இதுவே.

ஆயினும் தேவையையும் வழக்கத்தையும் பிரித்தறிதல் ஒவ்வொரு தந்தைக்கும் இயலும். அரிசிக்காகப் பிரிந்திருப்பது தேவை. வேலை முடிந்தபின்னும் மேலதிகாரி எழும்பும்வரை கதிரையில் அமர்ந்திருப்பது வழக்கம். பதவி உயர்வோடு வந்த தூர இடமாற்றத்தை, வீட்டில் ஒரு சொல்லும் கேளாமல் ஏற்றுக்கொள்வதும் வழக்கமே. மாலை வீடு வந்தபின் கைத்தொலைபேசியில் கந்தோரைத் தொடர்ந்து நடத்துவது இக்காலத்துப் புதுவழக்கம். இதிலே தந்தை வீட்டிலிருந்தும் இல்லாதவராகின்றார். தேவை மாறுவதற்கு நாட்டின் சட்டமும் பொருளாதாரமும் மாற வேண்டும். வழக்கம் மாறுவதற்கு ஒரு மாலைப் பொழுதே போதும்.

அதிகாரத்தில் உள்ளவர்க்குப் பொறுப்பு இன்னும் அதிகம். மகனின் பாடசாலைக் கூட்டத்துக்குச் செல்ல அரைநாள் லீவு கேட்டு வரும் ஊழியரை ஒரு தலைவர் எவ்வாறு நோக்குகின்றாரோ, அதைப் பொறுத்தே அக்கந்தோரின் ஏனைய தந்தையர் கேட்கவும் கேளாதிருக்கவும் செய்வர். நோர்வேயில் கண்ட உண்மை எந்த நாட்டிலும் உண்மையே.

உத்தியோகத்தில் இழந்தவை பல பின்னர்க் கிடைக்கக்கூடியன. தவறிய பதவி உயர்வு அடுத்த ஆண்டு வரலாம்; நிலுவைச் சம்பளம் ஒருநாள் சேர்த்துக் கொடுபடலாம். பிள்ளைப் பருவத்துக்கு நிலுவை இல்லை. தந்தையை எதிர்பார்த்துப் படலையடியில் நிற்கும் வயது சில ஆண்டுகளே நீடிப்பது. அந்த ஆண்டுகளில் தந்தை வீட்டிலிருப்பதற்கு ஒரு நாடு வழி செய்யுமாயின், அது தந்தையர்க்குச் செய்யும் சலுகையன்று. பிள்ளைகளுக்குச் செய்யும் நீதியாகும்.